டிக் பற்றவைப்பில் காப்பு வளிம ஓட்டக் கோளாறுகள்

டிக் பற்றவைப்பில் காப்பு வளிம ஓட்டக் கோளாறுகள் என்பவை, டங்ஸ்டன் மின்முனையையும் உருகிய உலோகத்தையும் காற்றுப் படாமல் மூடிக் காக்க வேண்டிய ஆர்கான் வளிமம், தேவையான அளவிலோ தூய்மையிலோ பற்றவைக்கும் இடத்தைச் சென்று சேராததால் எழும் கோளாறுகள் ஆகும். மின்னோட்டத்தில் பெரிய கோளாறு இருந்தால் மின்வில்லே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வளிமத்தில் கோளாறு இருக்கும்போதோ, மின்வில் எரிந்துகொண்டே இருக்க, உறையும் உலோகத்தினுள் நுண்துளைகளும் ஆக்சைடும் சேர்ந்துகொண்டே போகும். சிலிண்டரின் மேலுள்ள ஓட்டமானியில் குண்டு மிதப்பதைக் கண்டு, வளிமம் சரியாக வருகிறது என்று முடிவு செய்துவிடுவதே இக்கோளாறுகள் நெடுநேரம் கண்டுபிடிக்கப்படாமல் போவதற்கு முதன்மைக் காரணம். அந்த மானி அளப்பது சிலிண்டரை விட்டு வெளியேறும் வளிமத்தை. டார்ச்சின் முனையில் வந்து சேரும் வளிமத்தை அன்று.

பின்னணி

டிக் என்பது டங்ஸ்டன் இனர்ட் கேஸ் என்னும் பெயரின் முதலெழுத்துச் சுருக்கம். 1941 இல் அமெரிக்காவின் நார்த்ரப் வானூர்தி நிறுவனத்தில் பணியாற்றிய ரசல் மெரிடித், காற்றில் எளிதில் தீப்பற்றும் மக்னீசியத்தைப் பற்றவைப்பதற்காக டங்ஸ்டன் மின்முனையையும் ஈலியம் வளிமத்தையும் இணைத்து இம்முறையை உருவாக்கினார். அதற்கு ஹெலியார்க் எனப் பெயரிடப்பட்டது. 1942 இல் காப்புரிமையும் வழங்கப்பட்டது. பின்னர் ஈலியத்தின் இடத்தைப் பெரும்பாலும் ஆர்கான் பிடித்துக்கொண்டது. காற்றில் ஏறத்தாழ 0.93 விழுக்காடு ஆர்கான் இருப்பதால், திரவக் காற்றைப் பிரித்து அதனைப் பேரளவில் பெற முடிகிறது.

ஆர்கான் எதனுடனும் வினைபுரிவதில்லை என்பதோடு, காற்றைவிடக் கனமானது என்பதும் இங்கு முக்கியம். 0 °செ வெப்பநிலையில் ஒரு லிட்டர் ஆர்கானின் நிறை 1.78 கிராம், காற்றின் நிறை 1.29 கிராம். எனவே தட்டையாகக் கிடத்திய தகட்டின் மேல் ஆர்கான் ஒரு போர்வைபோல் படிந்து நிற்கும். ஈலியம் மேலெழும்பிவிடுவதால் அதற்கு இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஓட்டம் தேவைப்படுகிறது.

டங்ஸ்டன் 3,422 °செ வரை உருகாது. ஆயினும், செஞ்சூட்டில் உள்ள டங்ஸ்டனை ஆக்சிசன் தொட்டால் அது ஆக்சைடாக மாறி உதிரத் தொடங்கும். காப்பு வளிமம் தடைப்பட்டால் முதலில் பாதிப்படைவது மின்முனையே.

திருச்சிராப்பள்ளியில் டிக் பற்றவைப்பு

திருச்சிராப்பள்ளியில் 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் பாரத மிகு மின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை அமைக்கப்பட்டது. அதனைச் சார்ந்து திருவெறும்பூர், துவாக்குடி ஆகிய பகுதிகளில் உலோகக் கட்டமைப்புத் தொழிலகங்கள் பெருகின. 1975 இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் அந்நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் இங்கு தொடங்கப்பட்டது. துவாக்குடியிலுள்ள தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் பற்றவைப்புப் பொறியியல் முதுநிலைப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. ஒரே நகரத்தைச் சுற்றிப் பற்றவைப்பை ஆராய்வோரும் கற்பிப்போரும் அதனாலேயே பிழைப்போரும் இவ்வளவு பேர் இருப்பது நாட்டில் அரிது.

கொதிகலன் குழாய்களை முனையோடு முனை இணைக்கும்போது, முதல் அடுக்கு, அதாவது வேர் அடுக்கு, பெரும்பாலும் டிக் முறையிலேயே இடப்படுகிறது. குச்சி மின்முனையைப் பயன்படுத்தினால் உண்டாகும் கசடு இதில் இல்லை. குழாயின் உட்பக்கம் வழவழப்பாக அமைகிறது. 500 மெகாவாட் அனல்மின் அலகொன்றில் நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ 170 பார், வெப்பநிலை ஏறத்தாழ 540 °செ. இத்தகைய கொதிகலனில் பல்லாயிரம் குழாய் இணைப்புகள் உள்ளன. அவற்றுள் ஒன்று கசிந்தாலும் அலகு முழுவதையும் நிறுத்திக் குளிரவைத்துப் பழுதுபார்க்க வேண்டியதாகும். எனவேதான் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகள், 1950, பற்றவைப்பவருக்குத் தகுதித் தேர்வும் பற்றவைத்த இணைப்புகளுக்கு ஆய்வும் வேண்டுமென வகுத்தன. ஊடுகதிர்ப் படத்தில் நுண்துளை தெரிந்தால் அந்த இணைப்பை அறுத்து மீண்டும் பற்றவைக்க வேண்டும். கூலி, நேரம், ஆர்கான் மூன்றும் வீணாகும். துணைத் தொழிலகத்தில் அந்த இழப்பு முதலில் விழுவது பற்றவைப்பவரின் பெயரில். டார்ச்சினுள் தேய்ந்துபோன ஒரு ரப்பர் வளையம்கூட அவருடைய கைத்திறனின் குறையாகப் பதிவாகிவிடலாம்.

ஆலைக்கு வெளியே, நகரிலும் திருவரங்கத்திலும் இதே முறை வேறு வடிவில் காணப்படுகிறது. அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுக் கைப்பிடி, மாடித் தடுப்பு, வாயிற்கதவு போன்றவற்றைத் துருவேறா எஃகில் செய்யும் சிறு பட்டறைகள் அவை. இங்கு ஊடுகதிர்ப் படம் இல்லை. கோளாறு பெரும்பாலும் கறுத்த தடமாகவும், சில மழைக்காலங்கள் கழிந்தபின் துருவாகவும் வெளிப்படும்.

வளிமம் செல்லும் வழி

சிலிண்டரில் தொடங்கி உருகிய உலோகம் வரை ஆர்கான் கடக்கும் வழியை அறிந்தால் கோளாற்றை எங்கே தேடுவது என்பது தெளிவாகும். இந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் சிலிண்டரில் ஏறத்தாழ 150 பார் அழுத்தத்தில் 7 கன மீட்டர் ஆர்கான் இருக்கும். நிமிடத்திற்கு 8 லிட்டர் வீதம் செலவிட்டால் அது பதினான்கரை மணி நேரத்திற்கு வரும். சிலிண்டரின் வால்வை அடுத்து, அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும் ஓட்டமானியும் உள்ளன. அங்கிருந்து ஹோஸ் குழாய் வழியாக இயந்திரத்தின் பின்புறம் நுழையும் வளிமத்தை, உள்ளே இருக்கும் சாலினாய்டு வால்வு திறந்து மூடுகிறது. அதன்பின் டார்ச்சின் நீண்ட குழாய், டார்ச்சின் தலை, மின்முனையைப் பிடித்திருக்கும் காலட், அதைத் தாங்கும் காலட் பாடி, கடைசியாகப் பீங்கான் நாசில். டார்ச்சின் பின்புறத்தை அடைக்கும் பேக் கேப் என்னும் மூடியும் இவ்வழியின் ஒரு பகுதியே. அது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகிறது.

காற்றால் குளிரும் டார்ச்சுகள் பலவற்றில் மின்னோட்டத்தைச் சுமக்கும் செப்புக் கம்பி வளிமக் குழாயின் உள்ளேயே செல்கிறது. இணைப்பு தளர்ந்து சூடேறினால் குழாய் உள்ளிருந்து இறுகி வெடிக்கும். வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாது.

அறிகுறிகள்

மின்முனையின் நிறமே முதல் சாட்சி. பற்றவைத்து முடித்தபின் டங்ஸ்டனின் நுனி வெள்ளிபோல் பளபளப்பாக இருந்தால் காப்பு நன்றாக இருந்தது எனக் கொள்ளலாம். நீலமோ ஊதாவோ படிந்திருந்தால், அது சூடாக இருக்கும்போதே காற்று தொட்டிருக்கிறது. மின்வில் அணைந்தபின் வரும் பின்னோட்டம் போதவில்லை என்பதே இதற்கு வழக்கமான காரணம். கறுத்துச் செதில் செதிலாக உதிர்ந்தாலோ, நாசிலின் உள்விளிம்பில் மஞ்சள் தூள் படிந்தாலோ, மின்வில் எரியும்போதே வளிமம் இல்லை என்று பொருள்.

தடத்தின் நிறம் அடுத்த சாட்சி. துருவேறா எஃகில் வெள்ளி, வைக்கோல் மஞ்சள், நீலம், சாம்பல் என்ற வரிசையில் காப்பு மோசமாகிக்கொண்டே போகும். டைட்டானியத்தில் இவ்வரிசை இன்னும் கடுமையானது. நீலம் வந்தாலே ஐயத்திற்குரியது, வெண்சாம்பல் தூள் படிந்தால் அந்த இணைப்பைக் கழித்துவிட வேண்டும். அலுமினியத்தில் தடம் மங்கிப் புகைக்கரி பூசியதுபோல் ஆகும். அறுத்துப் பார்த்தால் உள்ளே ஐதரசன் உண்டாக்கிய உருண்டைத் துளைகள் இருக்கும். கரி எஃகில் உருகிய குட்டை கொதிப்பதுபோல் குமிழியிட்டுச் சிதறும்.

எண்ணெய், பெயின்ட், துரு, ஈரம் ஆகியவை உலோகத்தின் மேல் இருந்தாலும் இவற்றுள் சில அறிகுறிகள் தோன்றும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. நன்கு தேய்த்துத் துடைத்த துருவேறா எஃகுத் துண்டொன்றில், நிரப்புக் கம்பி இல்லாமல், ஓர் இடத்தை மட்டும் சில நொடிகள் உருக்கிப் பின்னோட்டம் முடியும்வரை டார்ச்சை நகர்த்தாமல் வைத்திருக்க வேண்டும். உறைந்த புள்ளி பளிச்சென்று இருந்தால் வளிமத்தில் குறையில்லை. வேலைத்துண்டின் தூய்மையையே பார்க்க வேண்டும். புள்ளி கறுத்தால் கோளாறு வளிமத்தில்தான் உள்ளது.

கோளாறு காணும் முறை

பலரும் சிலிண்டரில் தொடங்கி முன்னோக்கித் தேடுவர். நாசிலில் தொடங்கிப் பின்னோக்கித் தேடுவதே விரைவானது.

இயந்திரத்தில் வளிமச் சோதனைக்கெனத் தனிப் பொத்தான் இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். டார்ச்சின் விசையை அழுத்திச் சோதித்தால் உயர் அதிர்வெண் மின்பொறி பாய்ந்துவிடும். நாசிலின் மேல் அழுத்திப் பிடிக்கக்கூடிய சிறிய நெகிழிக் குழாய் ஓட்டமானிகள் கிடைக்கின்றன. அவற்றைச் செங்குத்தாகப் பிடித்து அளந்து, சிலிண்டரில் உள்ள மானியோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பெருங்கசிவு இல்லை. நாசிலில் குறைவாக இருந்தால் வழியில் எங்கோ கசிகிறது. இரண்டிலும் ஓட்டம் இல்லையெனில் அடைப்பு அல்லது மூடிய வால்வு. இந்தக் கருவியின் விலை ஒரு சிலிண்டர் ஆர்கானின் விலையில் சிறு பகுதியே; இருந்தும் சிறு பட்டறைகளில் இது அரிதாகவே காணப்படுகிறது. வளிமத்தைக் கன்னத்தருகே வைத்து உணர்ந்து பார்ப்பதே அங்கு வழக்கம். அதனால் வளிமம் வருகிறதா இல்லையா என்பதை அறியலாம். 4 லிட்டரா 8 லிட்டரா என்பதை அறிய முடியாது.

கருவி இல்லாதபோது அடைப்புச் சோதனை உதவும். வளிமத்தை ஓடவிட்டு, நாசிலின் வாயைத் தட்டையான ரப்பர் துண்டால் இறுக அடைக்க வேண்டும். குழாய் நிரம்பும்வரை சில நொடிகள் குண்டு மிதந்து, பின் அடிக்கு இறங்கிவிடும். இறங்காமல் ஓரிடத்தில் நின்றால், அது காட்டும் அளவு ஏதோ ஒரு கசிவின் வழியே வெளியேறுகிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா எனப் பார்க்கலாம்.

சிலிண்டர் வால்வைத் திறந்து மூடி, அழுத்தமானியின் முள் பத்து நிமிடத்தில் இறங்குகிறதா எனப் பார்ப்பது இன்னொரு சோதனை. இது பரவலாக அறிந்த சோதனை என்றாலும், சாலினாய்டு வால்வு மூடியிருப்பதால் சிலிண்டர் முதல் இயந்திரம் வரையுள்ள பகுதியை மட்டுமே சோதிக்கிறது. டார்ச்சின் பக்கம் முழுதும் கிழிந்திருந்தாலும் முள் அசையாது. எனவே இதில் தேறிவிட்டது என்பதைக் கொண்டு டார்ச்சை ஐயத்திலிருந்து விடுவிக்கக் கூடாது.

இரவில் வால்வை மூடாமல் விட்ட சிலிண்டர் காலையில் குறைந்திருந்தால், ஹோஸ் இணைப்போ சரியாக மூடாத சாலினாய்டோ காரணமாக இருக்கும். நிமிடத்திற்கு ஒரு லிட்டர் கசிந்தாலே 12 மணி நேரத்தில் 720 லிட்டர் போய்விடும். அது சிலிண்டரில் பத்தில் ஒரு பங்கு. சாலினாய்டு திறக்கும்போது 'டிக்' என்ற ஒலி கேட்க வேண்டும். ஒலியே இல்லையெனில் அதற்கு மின்சாரம் வரவில்லை அல்லது அதன் சுருள் எரிந்திருக்கிறது. ஒலி கேட்டும் வளிமம் வராவிட்டால் உள்ளே தூசியோ ரப்பர் துணுக்கோ அடைத்திருக்கும். புதிய ஹோஸை இணைக்குமுன் அதனுள் சிறிது வளிமத்தைச் செலுத்தி ஊதிவிட்டால் இத்தொல்லையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

டார்ச்சின் தலையில் நிகழும் கோளாறுகள் அளவீட்டில் அகப்படாமல் நழுவுபவை. பேக் கேப்பில் உள்ள ஓ-ரிங் தேய்ந்தோ வெப்பத்தில் இறுகியோ போனால், அவ்வழியே வளிமம் வெளியேறலாம்; தலையினுள் அழுத்தம் மிகக் குறைவாதலால், ஓடும் வளிமம் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளவும் கூடும். அப்போது நாசிலில் அளந்தால் ஓட்டம் சரியாகவே தோன்றும், ஆனால் வருவது காற்றுக் கலந்த ஆர்கான். ஓட்டம் சரி, தூய்மை சரி, தடம் மட்டும் கறுக்கிறது என்னும் நிலையில் வேறெதையும் கழற்றுமுன் இந்த வளையத்தை மாற்றிப் பார்ப்பது நல்லது. விரிசல் விட்ட நாசில், முழுதாகத் திருகப்படாத காலட் பாடி, நாசிலின் அடியில் இருக்க வேண்டிய காப்பு வளையம் இல்லாமை ஆகியவையும் இதே விளைவைத் தரும். நீரால் குளிரும் டார்ச்சுகளில் உட்சுவர் கசிந்தால் நீர் வளிமப் பாதைக்குள் ஊறும். அலுமினியத்தில் திடீரெனத் துளைகள் மலிந்தால் இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஓட்டமானியும் சில வேளைகளில் தவறாகக் காட்டும். குண்டு மிதக்கும் வகை சாய்ந்திருந்தால் அதன் அளவீடு பயனற்றது. ஆர்கானுக்கென அளவிடப்பட்ட மானியில் ஈலியத்தைச் செலுத்தினால் உண்மை ஓட்டம் காட்டும் அளவைப்போல் மும்மடங்குக்குச் சற்று மேல் இருக்கும். ஏனெனில் வேறுபாடு அடர்த்தி விகிதத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கார்பன் டைஆக்சைடு மானியில் ஆர்கானைச் செலுத்தினால் வேறுபாடு 5 விழுக்காடு அளவே; அதனால் பெரிய கேடில்லை.

ஓட்டத்தைக் கூட்டுவதால் வரும் கேடு

தடம் கறுத்ததும் ரெகுலேட்டரின் திருகைத் திருப்பி ஓட்டத்தைக் கூட்டுவது ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் முதல் எண்ணம். பல நேரங்களில் அது கோளாற்றைப் பெரிதாக்குகிறது. காரணத்தை எளிய கணக்கால் காட்டலாம்.

நாசிலின் எண் அதன் உள்விட்டத்தை ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குகளில் குறிக்கிறது. 7 ஆம் எண் நாசிலின் விட்டம் ஏறத்தாழ 11 மி.மீ. அதன் வழியே நிமிடத்திற்கு 10 லிட்டர் ஆர்கான் சென்றால், வெளியேறும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.7 மீட்டர், அதாவது மணிக்கு 6 கி.மீ. அளவு. விரைந்து நடக்கும் மனிதரின் வேகம் இது. இந்நிலையில் ரெனால்ட்ஸ் எண் ஏறக்குறைய 1,350. ஓட்டம் அடுக்கடுக்காக, கலங்காமல் செல்லும். 20 லிட்டராகக் கூட்டினால் ரெனால்ட்ஸ் எண் 2,700 ஆகும். குழாய்களில் ஓட்டம் கலங்கத் தொடங்கும் எல்லை 2,000 முதல் 2,300 வரை. கலங்கிய ஓட்டம் நாசிலின் விளிம்பிலேயே சுழல்களை உண்டாக்கிச் சுற்றியுள்ள காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மின்வில்லின் வெப்பம் கணக்கை மாற்றும் என்றாலும் போக்கு இதுவே. பெரும்பாலான வேலைகளுக்கு 6 முதல் 12 லிட்டர் போதுமானது. அதிக ஓட்டம் வேண்டுமெனில் பெரிய நாசிலும், நுண்ணிய வலைகளால் ஓட்டத்தை நேராக்கும் கேஸ் லென்ஸும் பொருத்த வேண்டும். கேஸ் லென்ஸ் இருந்தால் டங்ஸ்டனைச் சற்று நீளமாக வெளியே நீட்டி மூலைகளிலும் பற்றவைக்க முடியும். அதன் வலையில் உலோகத் துளி தெறித்து அடைத்துக்கொண்டால், அந்தப் பக்கம் மட்டும் காப்பு இல்லாமல் போகும். தடத்தின் ஒரு பக்கம் மட்டும் கறுப்பது இதன் அடையாளம்.

தொடக்கத்தில் மட்டும் கறுத்துப் பின் சீராகும் தடத்திற்கு வேறு காரணம் உண்டு. சாலினாய்டு மூடியிருக்கும் நேரத்தில் ஹோஸ் ரெகுலேட்டரின் அழுத்தம் வரை நிரம்பிக்கொள்கிறது. 6 மி.மீ. உள்விட்டமும் 8 மீட்டர் நீளமும் கொண்ட ஹோஸில் 3.5 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 0.8 லிட்டர் கூடுதல் வளிமம் அடைபட்டிருக்கும். விசையை அழுத்தியதும் அது ஒரே வீச்சாக வெளியேறிக் காற்றைக் கலக்குகிறது. ஹோஸைக் குறுக்குவதும், வீச்சு அடங்கும்வரை முன்னோட்ட நேரத்தைக் கூட்டுவதும் தீர்வாகும்.

பின்னோட்டத்திற்கு, ஒவ்வொரு 10 ஆம்பியருக்கும் ஒரு நொடி என்பது கைவிதி. 120 ஆம்பியருக்கு 12 நொடி. நேரத்தைச் சரியாக அமைத்தும், மின்வில் அணைந்தவுடன் டார்ச்சைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் பயனில்லை. வளிமம் வெற்று வெளியில் ஓடிக்கொண்டிருக்கும், உலோகம் காற்றில் ஆறும்.

காற்றும் மின்விசிறியும்

நாசிலிலிருந்து வளிமம் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில்தான் வருகிறது என்றால், அதே வேகமுள்ள பக்கக்காற்று அதனை எளிதில் ஒதுக்கித் தள்ளிவிடும். அமெரிக்கப் பற்றவைப்புக் கழகத்தின் கட்டமைப்பு எஃகு விதிநூல், வளிமக் காப்புடன் பற்றவைக்கும் இடத்தில் காற்றின் வேகம் மணிக்கு 8 கி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. கன்னத்தில் காற்றுப் படுவதை உணரத் தொடங்கும் அளவு அது.

தென்மேற்குப் பருவக்காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று திருச்சிராப்பள்ளிப் பகுதியில் வலுவாக வீசும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாக அமைந்த திருவரங்கத்தில், இரு ஆறுகளின் அகன்ற வெளியும் காற்றுக்குத் தடையின்றித் திறந்து கிடக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. ஆர்கான் பறக்க அம்மி பறக்கும் காற்றுத் தேவையில்லை. மாடித் தடுப்பு பற்றவைக்கும் இடத்தில் தலைமுடி அசைந்தாலே போதும். பட்டறையில் நன்றாக வந்த தடம், அதே இயந்திரத்தில், அதே சிலிண்டரில், மூன்றாம் மாடியில் கறுத்தால் இயந்திரத்தைப் பிரிக்கத் தேவையில்லை. வேலையிடத்தைத் தீப்பற்றாத துணியாலோ தகட்டாலோ மூன்று பக்கமும் மறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இயன்ற இணைப்புகளைப் பட்டறையிலேயே முடித்துக்கொண்டு, களத்தில் செய்வதைக் குறைப்பது இன்னும் நல்லது.

பட்டறைக்குள்ளும் காற்று உண்டு. மே மாதத்தில் 40 °செ வரை வெயில் ஏறும் ஊரில், தோலுறையும் முகமூடியும் அணிந்து வேலை செய்பவர் மின்விசிறியைத் தம்மை நோக்கித் திருப்பிக்கொள்வதைக் குறை கூற இயலாது. விசிறியை முதுகுப் பக்கம் வைத்து, உடலே மறைப்பாக அமையும்படி திருப்பினால் இரண்டும் நடக்கும். இயந்திரத்தின் குளிர்விக்கும் விசிறி வெளியேற்றும் காற்று வேலைத்துண்டை நோக்கி வீசுவதும் பலரால் கவனிக்கப்படாத காரணம்.

வளிமத்தின் தூய்மை

வழியும் சூழலும் சரியாக இருந்து கோளாறு நீங்காவிட்டால்தான் சிலிண்டரை ஐயுற வேண்டும். வேறு சிலிண்டரை மாற்றிப் பார்ப்பதே உறுதியான சோதனை. பற்றவைப்புக்கான ஆர்கான் 99.99 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையாக இருக்க வேண்டும். மிக் பற்றவைப்பும் நடக்கும் பட்டறைகளில், அதற்கான ஆர்கான்–கார்பன் டைஆக்சைடு கலவைச் சிலிண்டரைத் தவறுதலாக டிக் இயந்திரத்தில் இணைத்துவிடுவது நிகழ்வதுண்டு; மின்வில் மூட்டிய உடனே டங்ஸ்டன் கருகிவிடும். சிலிண்டரின் நிறத்தை மட்டும் நம்பாமல் அதன் மேலுள்ள பெயர்ச்சீட்டைப் படிக்க வேண்டும்.

ஈரம் மெதுவாக உட்புகும் எதிரி. சாதாரண ரப்பர் ஹோஸின் சுவர் வழியே ஈரம் ஊடுருவும். வார விடுமுறையில் வளிமம் ஓடாமல் கிடந்த நீண்ட குழாய்களில் திங்கட்கிழமை காலை முதல் சில இணைப்புகள் கெடுவது இதனால்தான். வேலை தொடங்குமுன் சில நிமிடங்கள் வளிமத்தை ஓடவிட வேண்டும். சிலிண்டரை முழுதும் வெறுமையாக்காமல் சிறிது அழுத்தம் மிஞ்சும்போதே மாற்றிவிடுவது, காற்றும் ஈரமும் அதனுள் புகாமல் காக்கும்.

வேர்ப்பக்கக் காப்பு

குழாயின் வெளிப்பக்கம் வெள்ளிபோல் மின்னினாலும் உட்பக்கம் காற்றில் வெந்திருக்கலாம். துருவேறா எஃகில் இது சர்க்கரை மணிகள் போன்ற கறுத்த சொரசொரப்பாகத் தோன்றும். 9 விழுக்காடு குரோமியம் கொண்ட டி91 போன்ற கொதிகலன் எஃகுகளிலும் இந்த இடர் உண்டு. எனவே குழாயின் உள்ளேயும் ஆர்கானை நிரப்பிக்கொண்டு வேர் அடுக்கு இடப்படுகிறது. இதனைப் பட்டறைகளில் பர்ஜிங் என்பர்.

ஆர்கான் கனமானதாகையால் அதைக் கீழிருந்து செலுத்தி மேலே காற்றை வெளியேறவிட வேண்டும். உள்ளிருக்கும் கன அளவைப்போல் ஐந்தாறு மடங்கு வளிமம் சென்றபின் தொடங்குவது வழக்கம். துருவேறா எஃகில் நிறமாற்றமே கூடாதெனில் உள்ளே ஆக்சிசன் பத்து இலட்சத்தில் 50 முதல் 100 பங்குக்குள் குறைய வேண்டும், அதற்கு ஆக்சிசன் மானி தேவை. நீண்ட குழாயில் இணைப்பின் இருபுறமும் நீரில் கரையும் தாளால் தடுப்பு வைத்து, நிரப்ப வேண்டிய இடத்தைக் குறைத்துக்கொள்வர். இங்கும் ஓட்டத்தைக் கூட்டுவது தீங்காகும். வட்டத்தின் கடைசிப் பகுதி மூடப்படும்போது வெளியேறும் வழி போதாவிட்டால், உள்ளே ஏறிய அழுத்தம் உருகிய உலோகத்தை வெளியே தள்ளித் துளையிட்டுவிடும்.

மூச்சுத்திணறல் ஆபத்து

வளிமக் கசிவு பற்றவைப்பை மட்டும் கெடுப்பதன்று. ஆர்கானுக்கு நிறமோ மணமோ இல்லை. காற்றைவிடக் கனமானதால் குழிகளிலும் கொதிகலன் உருளைகளிலும் பெரிய குழாய்களிலும் அடியில் தேங்கும். காற்றில் இயல்பாக 20.9 விழுக்காடு ஆக்சிசன் உள்ளது. 19.5 விழுக்காட்டுக்குக் கீழே அந்த இடம் பணிக்கு ஏற்றதன்று. 10 விழுக்காட்டுக்குக் கீழே மூச்சு முட்டும் உணர்வே இல்லாமல் ஒருவர் மயங்கி விழுவார். மூச்சு முட்டல் என்பது உடலில் கார்பன் டைஆக்சைடு சேர்வதால் வரும் உணர்வு. ஆர்கானைச் சுவாசிப்பவர் கார்பன் டைஆக்சைடை வழக்கம்போல் வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் உடல் எச்சரிப்பதில்லை.

மூடிய இடத்தினுள் நுழையுமுன் ஆக்சிசன் அளவைச் சோதிக்க வேண்டும், வெளியே ஒருவர் காவலிருக்க வேண்டும், இடைவேளையில் டார்ச்சை உள்ளே விட்டுவிட்டு வரக் கூடாது. பர்ஜிங் முடிந்த குழாயினுள் வேர்த் தடத்தைப் பார்க்கத் தலையை நுழைப்பதும் ஆபத்தானது. உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், சுவாசக் கருவி இல்லாமல் அவரைத் தூக்க இறங்குபவரும் சில மூச்சுகளிலேயே அவரருகில் விழுவார்; முதலில் சிலிண்டர் வால்வை மூடி, வெளிக்காற்றை உள்ளே செலுத்தி, மீட்புக் குழுவை அழைக்க வேண்டும்.